அந்தப் படிவத்தில் ‘கணவர்’ என்ற சொல் இல்லை

2015 மே மாதம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், பெரீயா மேட்டில் ஒரு பழைய ஓட்டு வீடு, ஓர் உளவியலாளர் ஆலோசனை தரும் இடம். அதன் முன்னறையில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். பெயர், வயது, சாப்பிடும் மருந்துகள் எல்லாம் எழுதியாயிற்று. அடுத்த கேள்வியில் பேனா நின்றுவிட்டது. ‘உங்களோடு நெருக்கமாக வாழ்பவர் யாராவது உண்டா? அவரை நீங்கள் எப்படிக் குறிப்பிடுவீர்கள்?’ என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தது. கணவர் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும், எழுதிவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்திருந்தேன். கழுத்தில் தாலி கிடக்கிறது, பக்கத்து நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கிறார், இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று எரிச்சல் வந்தது. அடுத்த கேள்வியும் அதே மாதிரி. ‘உடல் நெருக்கம் என்றால் உங்களுக்கு என்ன?’ அந்த இடத்தை வெற்றாகவே விட்டேன்.

அந்த எரிச்சல் தீர எனக்கு நாலு வருடம் பிடித்தது.

நான் கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்தவள். 2010இல் திருமணமாகி டர்பனுக்கு வந்தேன். என் கணவரின் முன்னோர் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து முதல் கப்பல் ட்ரூரோ டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. அதன்பிறகு 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள், அதில் பெரும்பகுதி சென்னை மாகாணத்து மக்கள். இவர்கள் குடும்பம் அதில் ஒன்று. இப்போது டர்பனில் இந்தியர்கள் நிறைந்து வாழும் சாட்ஸ்வர்த்தில் வீடு. வீட்டில் பேச்செல்லாம் ஆங்கிலம். தமிழ் பேசத் தெரிந்தவர் ஒருவர்தான், என் கணவரின் பாட்டி. எல்லோருக்கும் அவர் ஆயா. நான் முகம் வாடி இருந்தால் “இன்னா கண்ணு, மூஞ்சி இப்டி கீது?” என்று கேட்பார். நூறு வருடத்துக்கு முன்பு கப்பலேறிய பேச்சு அது. அதைக் கேட்டால் எனக்கு ஊருக்குப் போய்வந்தது போல இருக்கும். ஆனால் 2013இல் என் மகள் பிறந்தபிறகு எனக்கு நடந்ததை ஆயாவிடமும் சொல்ல முடியவில்லை.

பிரசவத்தில் தையல் போட்டார்கள். தையல் ஆறியது. மூன்று மாதம் கழித்து நாங்கள் மறுபடி சேர முயன்றபோது வலித்தது. கொஞ்சநஞ்ச வலி இல்லை, கத்தியால் கீறுவது போன்ற வலி. அடுத்த முறை அதைவிட. அதன்பிறகு அவர் கை தோளில் பட்டாலே என் உடம்பு கட்டையாகிவிடும். தூங்கிவிட்டது போலக் கண்ணை மூடிக்கொள்வேன். நான் தூங்கவில்லை என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். இப்படியே ஒன்றரை வருடம் போனது. சாட்ஸ்வர்த் வீடுகளில் சுவர் மெல்லியது. அடுத்த அறையில் அத்தை, அதற்கடுத்த அறையில் ஆயா. சண்டை போடக்கூட இடமில்லை.

ஒரு மருத்துவரிடம் போனேன். பரிசோதித்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, ஒரு கிளாஸ் வைன் குடித்துவிட்டு மனதைத் தளர விடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். ஊருக்கு ஃபோன் போட்டு அம்மாவிடம் சுற்றிவளைத்துக் கேட்டேன். “பிள்ளை பெத்தவளுக்கு இனிமே அதெல்லாம் எதுக்குடி?” என்றாள். அம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்கு வலித்தபோது அவளிடம் அப்படித்தான் யாரோ சொல்லியிருக்க வேண்டும். அதை நினைக்கும்போது எனக்காக அழுததைவிட அவளுக்காக அதிகம் அழுதேன்.

மகளுக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில்தான் ஒரு நர்ஸ், ஜூலு அம்மா, என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு சீட்டில் பெயரும் எண்ணும் எழுதிக் கொடுத்தார். ‘இவர் உளவியலாளர். தம்பதிகளிடமும் பேசுவார், தனி ஆட்களிடமும் பேசுவார். உறவு, உடம்பு, எதை வேண்டுமானாலும் சொல்லலாம்’ என்றார். ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: அவர் இந்தியரா? இல்லை என்றார். அப்போது அது எனக்கு நிம்மதியாக இருந்தது. சாட்ஸ்வர்த்தில் யாரைப் பார்த்தாலும் யாருக்கோ சித்தப்பா மகளாக இருப்பார்.

அந்த அறையில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால் ‘கவுன்சிலிங்’ என்றால் நம் ஆட்கள் நினைப்பது பஞ்சாயத்து. பெரியவர் ஒருவர் நடுவில் உட்காருவார், நீ கொஞ்சம் விட்டுக்கொடு, அவன் கொஞ்சம் விட்டுக்கொடுக்கட்டும் என்பார். தீர்ப்பு அவர் கிளம்பும்போதே அவர் சட்டைப் பையில் இருக்கும். குடும்பம் பிரியக்கூடாது, அவ்வளவுதான் தீர்ப்பு. நானும் அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

அந்த உளவியலாளர் அம்மா முதலில் எங்கள் இருவரையும் சேர்த்து உட்காரவைத்து விதிகளைச் சொன்னார். இங்கே பேசுவது வெளியே போகாது. யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றாலோ, குழந்தைக்குக் கொடுமை நடக்கிறது என்றாலோ மட்டும் அதற்கு விலக்கு உண்டு. அப்புறம் ஒவ்வொருவரிடமும் தனியாக அரை மணி நேரம் பேசினார். என் முறை வந்தபோது ‘என்ன நடக்கிறது?’ என்று கேட்டார். எனக்கு வார்த்தை வரவில்லை. ‘அது’, ‘அங்கே’, ‘அந்த மாதிரி’ இதற்குமேல் என் தமிழில் எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் இருந்த சொற்கள் மருத்துவப் புத்தகத்துச் சொற்களாக இருந்தன, என் உடம்புக்குச் சொந்தமில்லாதவை. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ‘உங்கள் மொழியில் சொல்லுங்கள். எனக்குப் புரியாது, பரவாயில்லை. முதலில் உங்கள் காதில் விழட்டும்’ என்றார்.

தமிழில் சொன்னேன். அந்நிய நாட்டில், தமிழ் தெரியாத ஒரு அம்மாவிடம், ‘எனக்கு வலிக்குது, பயமா இருக்கு, கூச்சமா இருக்கு’ என்று சத்தமாகச் சொன்னேன். பிறகு அவர் ஒவ்வொரு சொல்லாக அர்த்தம் கேட்டார். கூச்சம் என்பதில் நின்றுவிட்டோம். ஆங்கிலத்தில் எதைச் சொன்னாலும் பாதிதான் வந்தது. பல் கூசுகிறது, கண் கூசுகிறது, உள்ளங்கால் கூசுகிறது, ஆட்கள் முன்னால் பேசக் கூசுகிறது. தோலுக்கும் மனதுக்கும் தமிழில் ஒரே சொல். இதை விளக்கியபோது அவர் அந்தச் சொல்லை ஆங்கில எழுத்தில் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். ‘உங்கள் மொழிக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது’ என்றார். அதற்குப் பிறகு நாலு மாதமும் அந்தச் சொல்லைத்தான் நாங்கள் பயன்படுத்தினோம். ‘இந்த வாரம் கூச்சம் எப்படி இருக்கிறது?’

வலிக்கான காரணத்தை அவர் படம் வரைந்து காட்டினார். இடுப்பின் அடியில் தொட்டில் மாதிரி ஒரு தசைப்படலம் இருக்கிறது. வலி வரும் என்று உடம்பு ஒருமுறை கற்றுக்கொண்டுவிட்டால், அந்தத் தசைகள் நாம் சொல்லாமலேயே இறுகிக்கொள்ளும். கண்ணுக்கு முன்னால் கையை வீசினால் இமை மூடுவது போல. இறுகினால் வலி கூடும், வலி கூடினால் பயம் கூடும், பயம் கூடினால் இன்னும் இறுகும். இதோடு, தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பிறப்புறுப்பில் வறட்சி ஏற்படும், அதுவும் வலிக்கும். ஒன்றரை வயதுவரை நான் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். இதை எனக்கு யாருமே சொன்னதில்லை. எல்லாம் மனசுதான் என்று சொன்ன மருத்துவர்கூடச் சொல்லவில்லை. அந்த அம்மா என்னை இடுப்புத் தசைக்கென்றே பயிற்சி பெற்ற ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். தன் வேலை எங்கே முடிகிறது என்று தெரிந்து அடுத்தவரிடம் அனுப்பியது எனக்கு மிகவும் பிடித்தது.

எங்கள் இருவருக்கும் வீட்டுப்பாடம் கொடுத்தார். முதல் விதி, உறவு கூடாது. பல வாரங்களுக்கு. வாரத்தில் இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் கையை, முதுகை, பாதத்தை ஒருவர் தொட வேண்டும். அதற்குமேல் எதுவும் நடக்கக் கூடாது. தொடுகிறவர் தனக்கு என்ன தோன்றுகிறது என்று மட்டும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1970 வாக்கில் எழுதி வெளியிட்ட முறை இது என்று பிறகு தெரிந்துகொண்டேன். இன்றைக்கும் உலகம் முழுக்க பாலியல் ஆலோசகர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். கேட்கும்போது எளிதாக இருக்கிறது. முதல் நாள் என் கணவர் என் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். உனக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்துவிட்டேன் என்றார். ஒன்றரை வருடம் அவர் அதைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். ஊடல் என்று ஒரு தனிச்சொல்லை வைத்திருக்கும் மொழிக்காரி நான். அதை எப்படிப் பேசித் தீர்ப்பது என்று எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

வலி போனதா என்றால், போனது. ஒரே நாளில் இல்லை. எட்டு மாதம் ஆனது. நடுவில் இரண்டு முறை பழையபடி ஆகி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். இதற்குமேல் அதைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

இனி அந்தப் படிவத்துக்கு வருகிறேன்.

2019இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நாத்தனார் மகளை, அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது, ப்ளூ லகூனுக்குக் கூட்டிப் போயிருந்தேன். உம்கேனி ஆறு கடலில் கலக்கும் இடம். டர்பன் இந்தியர்கள் காரை நிறுத்திவிட்டு, உள்ளே உட்கார்ந்தே சாப்பிட்டுக்கொண்டு அலையைப் பார்ப்பார்கள். அவள் சனிக்கிழமைகளில் கோயில் கூடத்தில் நான் நடத்தும் தமிழ் வகுப்புக்கு வருபவள். இருபது வயதுக்குமேல் அ, ஆ எழுதக் கற்றுக்கொண்ட பெண். பேசிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். “மாமி, எனக்கு ஒரு பொண்ணைத்தான் பிடிச்சிருக்கு. ரெண்டு வருஷமா. அம்மாகிட்ட போன மாசம் சொன்னேன்” என்றாள்.

நான் என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. அவள் கையைப் பிடித்தேன், அது நினைவிருக்கிறது. ஏன் இவ்வளவு இளைத்துவிட்டாய் என்று கேட்டேன். அதற்குப் பிறகுதான் மீதியைச் சொன்னாள். அவள் பெற்றோர் ஒரு ‘கவுன்சிலரிடம்’ கூட்டிப்போயிருக்கிறார்கள். தெரிந்தவர் மூலமாகக் கிடைத்த ஆள். சுவரில் சான்றிதழ் மாட்டியிருந்தாராம். முதல் சந்திப்பிலேயே, இது சின்ன வயதில் ஏதோ நடந்ததால் வந்தது, பன்னிரண்டு அமர்வில் மாற்றிவிடலாம் என்று சொல்லிவிட்டார். யார் உன்னைத் தொட்டது என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். யாருமே தொடவில்லை என்று சொன்னால் நம்பவில்லை. மூன்று வாரத்தில் அவளுக்கே தன் அப்பாவின் மேல், மாமாவின் மேல், எல்லோர் மேலும் சந்தேகம் வரத் தொடங்கியிருக்கிறது. ராத்திரி தூக்கமில்லை. சாப்பாடு இறங்கவில்லை.

இதை எழுதும்போதுகூட எனக்குக் கை நடுங்குகிறது. ஏழு வருடம் கடந்தும் அந்தக் கோபம் ஆறவில்லை.

ஏனென்றால் இது தெரியாமல் செய்கிற தவறு இல்லை. ஒருவருக்கு யார் மேல் ஈர்ப்பு வருகிறது என்பது நோயில்லை என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல் சொல்லிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று தன் நோய்ப் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டது. தென்னாப்பிரிக்காவுக்கு இதில் தனியாக ஒரு வடு இருக்கிறது. நிறவெறி ஆட்சிக் காலத்தில், 1970களிலும் 80களிலும், கட்டாய ராணுவச் சேவைக்கு வந்த ஓரினச் சேர்க்கையாளரான இளைஞர்களை ராணுவ மருத்துவமனையில் வைத்து, ‘மாற்றுவதற்காக’ மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். அதைச் செய்தவர்கள் பட்டம் பெற்ற மருத்துவர்கள். அந்த வரலாறு தெரிந்த நாடு என்பதால்தானோ என்னவோ, இங்கே உளவியலாளர் சங்கம் 2013இல் தெளிவாக ஓர் அறிக்கை வெளியிட்டது. பாலின, பாலீர்ப்பு வேறுபாடுகளை மதித்து ஏற்றே உளவியலாளர் பணியாற்ற வேண்டும், மாற்றும் முயற்சிகள் வேண்டாம் என்பது அதன் சாரம். 2017இல் அதை விரித்து, ஆலோசனை அறைக்கான வழிகாட்டு நெறிகளையும் கொண்டுவந்தார்கள். அந்த மனிதர் இதில் ஒரு வரிகூடப் படித்திருக்க மாட்டார். அவர் உளவியலாளராகப் பதிவு செய்தவரே இல்லை என்பதைப் பிறகு நானே தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

நான் உடனே என் பழைய உளவியலாளருக்கு ஃபோன் செய்தேன். அவளைக் கூட்டி வருகிறேன் என்றேன். அவர் மறுத்தார். ‘உங்களைப் பார்த்த நான் அவளைப் பார்க்கக் கூடாது. ஒரே குடும்பம். அவளுக்கு அவளுடைய அறை வேண்டும்’ என்று சொல்லி வேறு ஒருவரிடம் அனுப்பினார். பெற்றோருக்கு மூன்றாவதாக ஒருவர். அப்போது அது வருத்தமாக இருந்தது. அவர் செய்ததுதான் சரி.

அவள் முதல் முறை போய்விட்டு வந்து என்னிடம் சொன்ன முதல் விஷயம்: “மாமி, அங்க ஒரு ஃபார்ம் கொடுத்தாங்க. அதுல ‘பாய்ஃபிரண்ட் இருக்கா’ன்னு கேக்கல. உன் கூட நெருக்கமா இருக்கறவங்கள நீ எப்படிச் சொல்லுவேன்னு கேட்டுச்சு. நான் அவ பேரை எழுதினேன். ஒரு ஃபார்ம்ல அவ பேரை எழுதினது அதுதான் முதல் தடவை.”

என்னை எரிச்சல்படுத்திய அதே கேள்வி. அன்றைக்கு ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். அது அவளைப் போன்றவர்களுக்காக வைத்த கேள்வி, எனக்கு அதில் வேலையில்லை என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் அடுத்த கேள்வி நினைவுக்கு வந்தது. ‘உடல் நெருக்கம் என்றால் உங்களுக்கு என்ன?’ வைன் குடிக்கச் சொன்ன மருத்துவர் என்னிடம் அதைக் கேட்டிருந்தால்? கல்யாணமான பெண், குழந்தை பெற்றவள், அவளுக்கு எல்லாம் தெரியும், எல்லாம் சரியாக நடக்கும் என்று அவர் முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டார். நாத்தனார் மகளைச் சிதைத்த அந்தக் ‘கவுன்சிலரும்’ அதைத்தான் செய்தார், வேறு பக்கத்திலிருந்து. எல்லோரையும் உள்ளடக்கிய ஆலோசனை என்று இங்கே சொல்கிறார்கள். நான் அதை யாரோ சிறுபான்மையினருக்குச் செய்யும் சலுகையாக நினைத்திருந்தேன். என்னுடைய வலியைக் கேட்டதும் அந்தக் காதுதான். எதையும் முன்கூட்டி ஊகிக்காத காது.

நாத்தனாரின் கதை இன்னும் கடினமானது. அக்கா, நான் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன், தன் ஆலோசகரிடம் நாலைந்து மாதம் அழுதார். எதற்கு அழுகிறேன் என்று அவருக்கே புரியவில்லை. மகள் உயிரோடு இருக்கிறாள், நல்ல வேலையில் இருக்கிறாள். ஒருநாள் ஆலோசகர் கேட்டாராம், நீங்கள் இழந்தது என்ன என்று. அக்காவுக்குப் பட்டென்று வந்த பதில்: நலங்கு. மகள் பிறந்த நாளிலிருந்து அவளை மணையில் உட்காரவைத்து ஐந்து சுமங்கலிகள் மஞ்சள் பூசி நலங்கு வைப்பதை மனசுக்குள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். தமிழ் பேச மறந்துபோன குடும்பங்களும் இங்கே நலங்கை விட்டதில்லை. அதற்காக அழுவது அற்பமில்லை, அது உண்மையான துக்கம் என்று ஆலோசகர் சொல்லியிருக்கிறார். மகளை ஏற்றுக்கொள் என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லையாம். அக்காவுக்கு அதுதான் ஆச்சரியம்.

அத்தை வேறு மாதிரி. அவர் டர்பனின் க்ளேர்வுட்டில் பிறந்தவர். நவநீதம் பிள்ளையும் க்ளேர்வுட் என்பதில் அத்தைக்குப் பெருமை சொல்லி மாளாது. தமிழ் பஸ் டிரைவரின் மகள், ஐக்கிய நாடுகளின் மனித உரிமை உயர் ஆணையர் பதவிவரை போனவர் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அந்த நவநீதம் பிள்ளைதான் 2013 ஜூலையில் கேப்டவுனில், பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒருபாலீர்ப்பினர், திருநர் உரிமைகளுக்கான ஐ.நா.வின் பிரச்சாரத்தைத் தொடங்கிவைத்தார். அந்த நிகழ்ச்சியின் காணொளியை நான் டிவியில் போட்டுக் காட்டினேன். அத்தை கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். பருப்பு வேகவைக்கும் சத்தம்தான் வந்தது.

சட்டம் இங்கே பெரிய துணை. 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9ஆம் பிரிவு பாலீர்ப்பின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. உலகத்தில் வேறெந்த நாட்டு அரசியலமைப்பும் இதற்கு முன்னால் அப்படி எழுதியதில்லை. 1998இல் அரசியலமைப்பு நீதிமன்றம் ஆண்களுக்கிடையேயான உறவைக் குற்றமாக்கிய பழைய சட்டத்தை ரத்து செய்தது. 2006 நவம்பர் 30 முதல் இருவர் எந்தப் பாலினத்தவராக இருந்தாலும் திருமணத்தைப் பதிவு செய்யலாம். அப்படியும் அரசு அலுவலர்கள் மனசாட்சியைக் காரணம் காட்டி நடத்திவைக்க மறுக்க ஒரு பிரிவு இருந்தது, 2020இல் அதையும் நீக்கினார்கள். ஆனால் சட்டம், திருமணத்தைப் பதிவு செய்யும் ஹோம் அஃபேர்ஸ் அலுவலகத்தோடு நின்றுவிடுகிறது. சாட்ஸ்வர்த்தின் வரவேற்பறைக்குள் அது வருவதற்கு வேறு யாராவது கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் அதைக் கூட்டிவந்தது வள்ளியம்மை. ஒவ்வொரு பிப்ரவரியிலும் என் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தில்லையாடி வள்ளியம்மை கதை சொல்வேன். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த பெண். பதினாறு வயதில், 1914 பிப்ரவரி 22 அன்று, சிறையிலிருந்து காய்ச்சலோடு வந்து இறந்துபோனாள். அவள் எதற்குச் சிறைக்குப் போனாள் என்றால், தலைவரி என்று பிள்ளைகள் சொல்வார்கள். அது ஒரு காரணம். இன்னொன்று, 1913 மார்ச்சில் கேப் மாகாணத்தில் நீதிபதி சர்ல் கொடுத்த தீர்ப்பு. கிறிஸ்தவ முறையில் நடக்காத, பதிவு செய்யப்படாத இந்தியத் திருமணங்கள் சட்டத்தின் கண்ணில் திருமணமே இல்லை என்றாகிவிட்டது. ஒரே நாளில் நம் பாட்டிமார்களெல்லாம் சட்டப்படி மனைவிகள் இல்லை. பெண்கள் போராட்டத்தில் இறங்கியதற்கு அது முக்கியமான காரணம். அடுத்த வருடம் சட்டம் கொண்டுவந்து சரிசெய்தார்கள்.

2020 பிப்ரவரியில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பின் வரிசையில் நாத்தனார் மகள் உட்கார்ந்திருந்தாள். கையைத் தூக்கி, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்: “மாமி, அப்போ ஆயாவோட அம்மா கல்யாணமும் செல்லாதா?” செல்லாது என்றேன். அதற்குமேல் அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்றைக்கு வகுப்பு முடிந்து கூட்டிப்போக வந்த அக்கா வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும்.

தன்னைத் தமிழில் எப்படிச் சொல்வது என்றும் அவள் கேட்டிருக்கிறாள். அப்போது எனக்கு நல்ல சொல் எதுவும் தெரியாது. தெரிந்ததெல்லாம் வசைச் சொற்கள். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு வழக்கில் இடைக்காலத் தீர்ப்புச் சொன்னார். வீட்டை விட்டு வந்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த வழக்கு. பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்றும் முயற்சிகளைத் தடை செய்தார். அதைவிட என்னைத் தொட்டது, எனக்கு இதில் புரிதல் போதாது என்று சொல்லி, தீர்ப்பெழுதும் முன்பு அவரே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு நீதிபதி ஆலோசனை அறைக்குப் போனார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022இல் தமிழக அரசு சொற்பட்டியல் ஒன்றை அரசிதழில் வெளியிட்டது. பால்புதுமையர், தன்பாலீர்ப்பு, திருநர், திருநம்பி, ஊடுபால் என்று. அதை அச்செடுத்து அவளிடம் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தாள். ‘பால்புதுமையர்’ அவளுக்குப் பிடித்தது. புதுமை என்ற சொல் அதில் இருக்கிறதே என்றாள்.

இதைப் படிக்கும் யாருக்காவது இப்போது ஆள் தேவைப்படலாம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவில் உளவியலாளர் என்று ஒருவர் சொன்னால், சுகாதாரத் தொழிலர் மன்றமான ஹெச்பிசிஎஸ்ஏவில் அவர் பெயர் இருக்க வேண்டும். இணையத்தில் பெயரைப் போட்டு நீங்களே பார்த்துக்கொள்ளலாம். சமூகப் பணியாளர்களுக்குத் தனி மன்றம் உண்டு. மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர், உளவியலாளர் மருந்து எழுத மாட்டார். பலகையில் ‘செக்ஸ் தெரபிஸ்ட்’ என்று மட்டும் போட்டிருந்தால், நீங்கள் அடிப்படையில் மருத்துவரா, உளவியலாளரா, எங்கே பதிவு செய்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடம் போகாதீர்கள். ஃபோனிலேயே இன்னொன்றும் கேட்கலாம்: ஒருபாலின ஜோடிகளோடு வேலை செய்த அனுபவம் உண்டா? நீங்கள் ஆண் பெண் தம்பதியாக இருந்தாலும் இதைக் கேளுங்கள் என்பேன். அந்தப் பதிலின் தொனியிலேயே நிறைய தெரிந்துவிடும். மாற்றிவிடலாம், இத்தனை அமர்வில் சரியாக்கிவிடலாம் என்று யார் வாக்குக் கொடுத்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். காசு ஒரு பிரச்சினைதான். மெடிக்கல் எய்டு என்ற மருத்துவக் காப்பீட்டில் சில திட்டங்கள் ஒரு பகுதியைக் கட்டும். ஃபாம்சா என்ற குடும்பநல அமைப்பும் இருக்கிறது. பல்கலைக்கழகங்களில் பயிற்சியில் இருப்பவர்கள் மேற்பார்வையோடு பார்ப்பார்கள். ராத்திரி ரொம்பக் கஷ்டமாக இருந்தால் சடாக் என்ற மனநல அமைப்பின் உதவி எண்ணுக்கு அழையுங்கள். கேப்டவுனில் இருப்பவர்களுக்கு ட்ரையாங்கிள் ப்ராஜெக்ட், பிரிட்டோரியாவில் அவுட். இரண்டும் பல காலமாகப் பால்புதுமையருக்காகவே வேலை செய்யும் இடங்கள்.

ஆண்கள் இதைத் தங்களுக்கில்லை என்று தாண்டிப் போகாதீர்கள். நம் வீடுகளில் சர்க்கரை நோய் இல்லாத வீடு எது? சர்க்கரை நரம்பையும் ரத்தக் குழாயையும் பாதித்தால் விறைப்புக் குறையும். சில நேரம் இதய நோய்க்கு முதல் அறிகுறியே அதுதான். வெட்கப்பட்டு ஒளித்துவைத்து, மருத்துவரைக் கேட்காமல் கடையில் விறைப்புக்கான மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள். நெஞ்சு வலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர் அதைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. என் கணவர்தான் இதை எழுதச் சொன்னார்.

நாத்தனார் மகளும் அவளுக்குப் பிடித்த அந்தப் பெண்ணும் 2023இல் திருமணத்தைப் பதிவு செய்துகொண்டார்கள். ஹோம் அஃபேர்ஸில் வரிசையில் நின்று, எண் கூப்பிட்டு, கையெழுத்துப் போட்டு, வெளியே வந்து, ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் பன்னி சௌ சாப்பிட்டோம். அக்கா வந்திருந்தார். அத்தை வரவில்லை, ஆனால் ஒரு புடவை கொடுத்தனுப்பியிருந்தார். ஒரு புடவைதான். அது யாருக்கு என்று சொல்லவில்லை. இருவரும் மாற்றி மாற்றிக் கட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்த மாதம் அவள் தம்பிக்குக் கல்யாணம். நேற்று அக்கா வாட்ஸ்அப்பில் நலங்குக்கு ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். மாப்பிள்ளைக்கு மஞ்சள் பூச ஐந்து சுமங்கலிகள். முதல் பெயர் அத்தையின் தங்கை, இரண்டாவது நான், மூன்றாவதும் நாலாவதும் மாப்பிள்ளையின் சித்திகள். ஐந்தாவது பெயர் அவள் ஏழு வருடத்துக்கு முன்பு அந்தப் படிவத்தில் எழுதிய பெயர். அதன் கீழே அக்கா ஆங்கிலத்தில் கேட்டிருந்தார், இவளைத் தமிழில் முறை சொல்லி எப்படிக் கூப்பிடுவது, ஐயர் கேட்டால் என்ன சொல்ல? மருமகள் என்று பதில் போட்டேன். குழுவில் அத்தையும் இருக்கிறார். இரண்டு நீலக் குறி வந்துவிட்டது, இன்னும் எதுவும் எழுதவில்லை.